கட்-ஆஃப் எவ்வளவு?

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் என்று யாராவது வாயெடுத்தால் போதும், நம் கட்-ஆஃப் சார் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஃப்ரீமாண்ட்டில் ஒருவர் இருக்கிறார், சன்னிவேலில் ஒருவர், சான் ரமோனில் தெருவுக்கு ஒருவர்.

"கட்-ஆஃப் எவ்வளவு?"

"கட்-ஆஃபே கிடையாது சார்."

"சரி, போன வருஷம் எவ்வளவு?"

ஹைஸ்கூல் முடித்திருந்தால் போதும், மார்க்கே கேட்கமாட்டார்கள் என்று விளக்குவோம். "கேக்க மாட்டாங்க, ஆனா பாப்பாங்க" என்பார். இங்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் என்றால், குரலைத் தாழ்த்தி, "அப்ப டொனேஷன் தனியா?" மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள், எல்லாம் அரசாங்கத்தோடது என்றால் முகம் மலரும். "அப்ப கோட்டா இருக்கணுமே!"

1960இல் இந்த மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டமே அப்படித்தான் சார் என்று ஒருநாள் பாடம் எடுத்தேன். மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்கு யூசி என்னும் கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் யூனிவர்சிட்டி, கம்யூனிட்டி காலேஜ் எல்லாருக்கும். பொறுமையாகக் கேட்டார். "எல்லாருக்கும்னா, எத்தனை பர்சன்ட்டுக்கு மேல?"

விண்ணப்பம் இணையத்தில் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, எத்தனை நாளாக இந்த மாநிலத்தில் இருக்கிறாய், என்ன படிக்க உத்தேசம், இப்படிச் சில விவரங்கள்தான். காபி ஆறுவதற்குள் முடியும். சாரோ மகனுக்காக ஒரு ஃபைல் போட்டுவிட்டார். ப்ரீ-ஸ்கூல் சான்றிதழில் ஆரம்பித்து, ஸ்பெல்லிங் பீயில் கலந்துகொண்டதற்கு, நீச்சலில் கலந்துகொண்டதற்கு, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பாரதியாராக மீசை வைத்துக்கொண்டதற்கு என்று அத்தனையும் கலர் ஜெராக்ஸ், மூன்று செட். ஃபைலோடு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "அட்டெஸ்டேஷன் வாங்கணும். இங்க கெஜட்டட் ஆபீசர் யாரு?"

அடுத்து, சேஃப்டிக்கு. அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி ஒன்று கைவிட்டுவிட்டால் என்ன செய்வது என்று, அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் மற்ற கல்லூரிகளுக்கும் வரிசையாக விண்ணப்பம் தட்டினார். ஒரே லேப்டாப், ஒரே ராத்திரி, மகன் பெயர், தன் போன் நம்பர். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. நிதியுதவிப் பணத்தைச் சுருட்டுவதற்காக இல்லாத மாணவர்கள் பெயரில் கட்டுக்கட்டாக விண்ணப்பம் அனுப்பும் கும்பல்கள் சில வருடங்களாக இந்தக் கல்லூரிகளைப் படுத்தி எடுக்கின்றன. ஆகவே சந்தேகமாகத் தெரிந்தால் நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஒரு கல்லூரி நிறுத்தியது. நீ நிஜமான ஆள்தான் என்று அடையாளம் காட்டு என்று பையனுக்குக் கடிதம் வந்தது.

சார் அந்தக் கடிதத்தை வாட்ஸப்பில் எல்லாருக்கும் அனுப்பினார். கீழே ஒரே வரி: "நான்தான் சொன்னேனே, கட்-ஆஃப் இருக்குன்னு."

அவரைக் குறைசொல்லியும் பயனில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர். நுழைவுத் தேர்வு மார்க்கையும் சேர்த்து 300க்குக் கணக்குப் போட்ட காலம். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்தான் தலையெழுத்து. கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தில், அப்பாவோடு கவுன்சிலிங்குக்கு உட்கார்ந்து, காலியிடங்கள் ஒவ்வொன்றாகத் தீர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தனக்கு முன்னால் போனவன் எடுத்துக்கொண்ட கடைசி எலக்ட்ரானிக்ஸ் சீட்டைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். அவன் போட்டிருந்த சட்டை நிறம் வரைக்கும் சொல்வார். அப்படிப்பட்டவரிடம் "கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே போங்கள்" என்றால் எப்படி நம்புவார்?

ஆனால் வேடிக்கை பாருங்கள், நிஜமாகவே கட்-ஆஃப் இருக்கும் இடத்தில் இவருக்கு அக்கறையே இல்லை. இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு யூசிக்கு மாறலாம். டேவிஸ், இர்வைன் போன்ற ஆறு வளாகங்கள் முன்கூட்டியே எழுத்தில் உத்தரவாதம் தருகின்றன. அதற்குக் குறைந்தபட்ச ஜிபிஏ உண்டு. வளாகத்துக்கு வளாகம், பாடத்துக்குப் பாடம் மாறும். பெர்க்லிக்கு அந்த உத்தரவாதமே கிடையாது. கல்யாண வீட்டில் சார் சொல்லிக்கொண்டிருந்தது: "பையன் பெர்க்லி. வழியில ரெண்டு வருஷம் இங்க."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டுவிடலாம். கோபம் வருவது வேறு இடத்தில். இந்தக் கல்லூரிகளில் சேருவது சுலபம், வகுப்பு கிடைப்பதுதான் கஷ்டம். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில் பதிவு திறக்கும், புதியவர்களுக்குப் பிறகு. அந்தப் புதியவர்களிலும் ஓரியண்டேஷனை முடித்து, கவுன்சலரோடு பாடத்திட்டம் போட்டுவைத்தவனுக்கு முன்வரிசை. "அதெல்லாம் ஃபார்மாலிட்டி" என்று சார் தள்ளிவிட்டார். சிபாரிசுக் கடிதத்துக்கு மட்டும் ஊரெல்லாம் அலைந்தார். பையனுக்கு முறை வந்தபோது கால்குலஸ் நிரம்பிவிட்டது. வெயிட்லிஸ்ட்டில் கிடந்தான். முதல் நாள் வகுப்புக்கு வெளியே நின்று, யாராவது வராமல் போனால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பேராசிரியரிடம் கேட்டுப் பார்த்தான். எல்லாரும் வந்திருந்தார்கள்.

"என்ன படிக்க உத்தேசம்?" என்று படிவம் கேட்டது அவனைத்தான், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பதில் போட்டது அப்பா. கார் ரிப்பேர் படிப்பும் அங்கே இருக்கிறது அங்கிள் என்று அவன் என்னிடம் மெதுவாகச் சொன்னான், அவர் குளியலறையில் இருந்தபோது.

சார், அடுத்த பருவத்துக்குப் பதிவு திறக்கும் தேதியும் நேரமும் பையனுடைய போர்ட்டலில் இருக்கிறது. பாஸ்வேர்டை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.