எஃப்4 அண்ணன்

பழனி சாலைப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் பொறியியல் முடித்து, சென்னை ஓ.எம்.ஆரில் சில வருடம் குப்பை கொட்டி, இப்போது திண்டுக்கல் ஆர்.எம். காலனி மாடியறையில் இருந்தபடி எங்கோ இருக்கும் கம்பெனிக்கு ஜாவா எழுதுகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. எந்தக் கோடைக் கொடுத்தாலும் முதல் வரியைப் படிக்கமாட்டார். எக்லிப்ஸ் என்றால் எஃப்4, இன்டெலிஜே என்றால் கன்ட்ரோல்-எச். கிளாஸ்களின் வம்சாவளி திரையில் விரிந்தால்தான் முகம் தெளியும். "ஜேபட்டனா? அப்ஸ்ட்ராக்ட்பட்டனோட மகன். தாத்தா ஜேகம்போனன்ட். அவருக்கு அப்பா கன்டெய்னர், அதுக்கு மேல கம்போனன்ட், உச்சியில ஆப்ஜெக்ட்." ஒரு தலைமுறை பிசகாது. பட்டனை அழுத்தினால் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்டு வந்த பையன் மட்டும் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பான்.

அண்ணனை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. கல்யாண மண்டபத்தில் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் "யாரு மகன்?" என்று கேட்டுத் தரம் பிரிக்கும் பெரியப்பாக்கள் நிறைந்த ஊர் இது. படிப்பும் அதற்கேற்றாற்போல அமைந்துவிட்டது. பிளஸ் ஒன் பாடத்திலேயே மரபுரிமம் ஐந்து வகை என்று அம்புக்குறி போட்டுப் படம் வந்துவிடும். செமஸ்டரிலும் அதே ஐந்து, வைவாவிலும் அதே ஐந்து. ஒரு கிளாஸ் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பத்து மாணவர்கள் பத்து விதமாகச் சொல்வார்கள், மார்க் போடுவது கஷ்டம். அப்பா பெயருக்கு விடை ஒன்றுதான். தேர்வுக்கு வசதியான கேள்வியே நாளடைவில் தொழிலுக்கும் முதல் கேள்வி ஆகிவிட்டது.

கிளாஸ்களை விரித்துக் காட்டும் இந்தக் கருவியை முதலில் செய்தவர்களுக்கு அது முதல் கேள்வியாக இருக்கவில்லை. 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில், ஸ்மால்டாக் மொழிக்காக லாரி டெஸ்லர் பிரவுசரை உருவாக்கினார். அந்த வழியில் வந்த ஸ்மால்டாக்-80 பிரவுசரில் மேலே நான்கு கட்டங்கள்: கிளாஸ் பிரிவுகள், கிளாஸ்கள், செய்திகளின் பிரிவுகள், செய்திகள். கீழே அகலமாகக் கோட். எதற்காக இந்த கிளாஸ், இதனிடம் என்ன கேட்கலாம் என்பதுதான் கண்ணில் படும். வம்சாவளி வேண்டுமென்றால் மெனுவைத் திறந்து தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். அண்ணனோ மெனுவில் கிடந்ததை நடுக்கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார். மாட்டிய படமாவது முழு உண்மையைச் சொல்கிறதா? ஜாவாவில் ஸ்டாக் என்ற கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வைக்க வேண்டும், மேலிருந்தே எடுக்க வேண்டும். அதற்கு அவ்வளவுதான் வேலை. ஆனால் வெக்டரின் பிள்ளையாகப் பிறந்துவிட்டதால், நடுவில் எதையாவது செருகினாலும் வாயைத் திறக்காது. இப்போது ஜாவா ஆவணமே ஸ்டாக்கைவிட டெக் வகைகளைப் பயன்படுத்தச் சொல்கிறது. எஃப்4 அழுத்திப் பாருங்கள்: வெக்டருக்குக் கீழே ஸ்டாக், சீமந்த புத்திரன்போல் உட்கார்ந்திருக்கும். உறவு பொருந்தாத உறவு என்று மரம் காட்டிக்கொடுக்காது.

"அப்பன் கிளாஸில் கை வைத்தால் எந்தெந்தப் பிள்ளை அடிபடும் என்று மரம் இல்லாமல் எப்படித் தெரியும்?" என்று அண்ணன் மடக்குவார். நல்ல கேள்விதான். ஒரு மெத்தடை எந்தப் பிள்ளை மாற்றி எழுதியிருக்கிறது என்று தேட இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அது மாற்றத் துணிந்தவனுக்கு உதவுகிற கருவி. அண்ணன் எதையும் மாற்றுவதில்லை, பார்த்துவிட்டு மூடிவிடுவார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பரம்பரையைவிடச் சேர்க்கை மேல் என்று 1994இல் வாதாடிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலை எழுதிய நால்வரில் ஒருவர் எரிக் காமா. அதே காமாதான் பின்னால் எக்லிப்ஸின் ஜாவா கருவிகளுக்கும் தலைமை தாங்கினார். மனிதர் சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு, உப்பு ஜாடியையும் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அண்ணனுக்கு உண்மையான சோதனை, கம்பெனி கோ மொழிக்கு மாறும்போது வருகிறது. 2009இல் கூகுள் வெளியிட்ட அந்த மொழியில் கிளாஸும் இல்லை, பரம்பரையும் இல்லை. ஓர் இன்டர்ஃபேஸ் கேட்கும் மெத்தடுகள் இருந்தால் போதும், எந்த டைப்பும் அதில் சேர்ந்துவிடும். 'நான் இன்னாருடைய ஆள்' என்று எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

"தம்பி, இதுக்கு அப்பன் யாருடா?"

"யாருமில்லண்ணே. வேலை செஞ்சாச் சேத்துக்குவாங்க."

"அப்படியா! இதுக்கு ஜாவாவே இருந்திருக்கலாமே" என்பார் அண்ணன், எஃப்4ஐ இன்னொரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டே.