ஆளுக்கொரு கோட்டை வாழ்க

இணைய விளையாட்டில் மனிதனுக்கு மனிதன் கொடுத்துவந்த தொல்லையை ஒழித்த பெருமை 'இன்ஸ்டன்ஸ்' என்னும் ஏற்பாட்டுக்கே உரியது. குகை வாசலைத் தாண்டியதும், உங்களுக்கும் உங்கள் குழுவுக்கும் மட்டும் அந்தக் குகையைச் சர்வர் புதிதாக நகலெடுத்துத் தருகிறது. அதே நொடியில் அதே வாசலில் நுழைந்த இன்னொருவருக்கு இன்னொரு நகல். அவர் கண்ணில் நீங்கள் படமாட்டீர்கள். உங்கள் கண்ணில் அவரும் படமாட்டார்.

முன்பு பட்ட பாடு கொஞ்சமா? 1999இல் வந்த எவர்குவெஸ்டில் உலகம் பொதுச்சொத்து. லோயர் கக் என்ற நிலவறையில் வெறிகொண்ட பேய் ஒன்று உண்டு. அதைக் கொன்றால், அதிர்ஷ்டம் இருந்தால், வாள் வீச்சின் வேகத்தைக் கூட்டும் கறுப்புப் பட்டுக்கச்சை கிடைக்கும். ஒரு சர்வருக்கு ஒரே பேய். கச்சைக்கு ஆசைப்பட்டவர்களோ ஏராளம். அங்கே 'கேம்ப்' போட்டு இடம்பிடித்திருப்பவரிடம் "லிஸ்ட்ல நான் எத்தனாவது?" என்று கேட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். சும்மா எப்படி உட்காருவது? பக்கத்தில் இருப்பவரிடம் பேசித்தான் ஆகவேண்டும். பேசினால் பெயர் தெரிகிறது, ஊர் தெரிகிறது, அவர் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதும் தெரிகிறது. மறுவாரமும் அதே ஆள் வருகிறார். பிறகு கில்டு என்னும் சங்கம், நட்பு, சில இடங்களில் கல்யாணம் வரைக்கும் போய்விட்டது.

இன்னொரு அவஸ்தையும் உண்டு. உள்ளே ஆழத்தில் மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர் பேய்க்கூட்டத்தையே பின்னால் இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடிவருவார். "ட்ரெயின்! ட்ரெயின்!" என்று கத்துவார். முன்பின் தெரியாதவர்களும் எழுந்து ஓட வேண்டும், இல்லையென்றால் நின்று அவரைக் காப்பாற்ற வேண்டும். செத்தால் உடைமையெல்லாம் பிணத்தோடு கிடக்கும். அதை வரவழைக்க மந்திரம் தெரிந்த ஒரு நெக்ரோமான்சரைத் தேடிக் கெஞ்ச வேண்டும். அடுத்தவர் முறையைத் தட்டிப் பறித்தவன் பெயர் சர்வர் முழுக்க நாறிவிடும். பிறகு யார் குழுவிலும் இடமில்லை. ஆகையால் எல்லோரும் ஓரளவு யோக்கியமாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

2003இல் எவர்குவெஸ்டுக்கே இன்ஸ்டன்ஸ் வந்து இதிலிருந்தெல்லாம் மீட்பைத் தொடங்கி வைத்தது. மறு ஆண்டு வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நிலவறைகள் தொடக்கத்திலிருந்தே தனித்தனி நகல்கள்தான். வேலை முடித்து வந்து ஒரு மணி நேரம் மட்டுமே விளையாட முடிகிறவருக்கு இது வரம், மனதாரச் சொல்கிறேன். அதிலேயே 2009 டிசம்பரில் டஞ்சன் ஃபைண்டர் வந்தது. பொத்தானை அழுத்தினால் வேறு வேறு சர்வர்களிலிருந்து நாலு பேர் வந்து சேர்வார்கள். வணக்கம் சொல்ல வேண்டியதில்லை, மறுநாள் முகம் கொடுக்க வேண்டியதும் இல்லை. ஒருவர் சொதப்பினால் ஓட்டுப் போட்டு வெளியே தள்ளிவிட்டு அடுத்தவரை வாங்கிக்கொள்ளலாம்.

அதற்கு முன், 2006 ஜனவரியில், இதே வார்கிராஃப்ட் ஒருமுறை பழைய பாணிக்குத் திரும்பிப் பார்த்தது. ஆன்கிராஜ் கோட்டைக் கதவைத் திறப்பதற்காக ஒவ்வொரு சர்வரிலும் ஆயிரக்கணக்கானோர் கட்டுத்துணியும் செம்புக்கட்டியும் சமைத்த கறியும் கொண்டுவந்து கொட்டினார்கள். கதவு திறந்த அன்று கூட்டம் தாங்காமல் சர்வர்களே திணறின. விழுந்து எழுந்து அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். தனி நகலில் இருந்திருந்தால் இப்படிக் கதை சொல்லித் திரியும் சிரமமே இருந்திருக்காது.

உச்சம் 2014 நவம்பரில் வந்தது. வார்கிராஃப்டின் விரிவாக்கமான வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார் ஆளுக்கொரு 'கேரிசன்' கொடுத்தது. சொந்தக் கோட்டை, சொந்தச் சுரங்கம், சொந்த மூலிகைத் தோட்டம். தாதுவும் தழையும் தேடி மலை ஏற வேண்டாம். அடுத்தவர் பிடுங்குவதற்குள் ஓடவும் வேண்டாம். கோட்டைக்குள் ஒரு மேசை. அதில் உங்கள் பரிவாரத்தை நகர்த்தி 'போ' என்றால் அவர்கள் சாகசத்துக்குக் கிளம்பிப் போய், சில மணி நேரத்தில் தங்கத்தோடு திரும்புவார்கள். விளையாட்டை விளையாடும் தொல்லையும் தீர்ந்தது! நகர வீதிகளில் நெரிசல் இல்லை. உங்கள் ஊரில் ராஜாவும் நீங்களே, தெருவில் நடக்கும் ஒரே ஆளும் நீங்களே. அந்த நவம்பரில் 1 கோடியைத் தாண்டியிருந்த சந்தாதாரர்கள், அடுத்த ஆண்டு நடுவில் 56 லட்சமாகக் குறைந்து நெரிசலை மேலும் தணித்தார்கள். காரணம் கேரிசன் மட்டுமல்ல. நெடுநாள் புதுச் சரக்கு வராததும் சேர்ந்தது. ஆனாலும் கேரிசனின் பங்கை மறைப்பது நன்றி கொல்வதாகும்.

2019 ஆகஸ்டில் பழைய வார்கிராஃப்டைக் கிளாசிக் என்று திருப்பித் தந்தார்கள். அந்நேரம் தனியறை வசதிகள் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். கொல்ல வேண்டிய ஒற்றை அரக்கன் எதிரே, யாரும் சொல்லாமலேயே வரிசை கட்டினார்கள். இடையில் புகுந்தவனைத் திட்டினார்கள். முன்னால் நின்றவரோடு பேச்சுக் கொடுத்தார்கள்.