கடைசி ஐந்து நிமிடத்தில் டெண்டர் போடுவது எப்படி?

டெண்டர் டீமுக்குத் தலைவராகிவிட்டீர்களா? வாழ்த்துகள். வழக்கமாகச் செய்வதையே இனி முறைப்படி செய்யுங்கள்.

1. ஆவணம் முழுவதையும் படிக்காதீர்கள். மதிப்பு, கடைசித் தேதி இரண்டும் போதும். தகுதி நிபந்தனைகளைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் தள்ளுங்கள். "நமக்குத் தகுதி இல்லை சார்" என்றால், பாசிட்டிவாக யோசிக்கச் சொல்லுங்கள்.

2. ப்ரீ-பிட் கூட்டத்துக்கு ஆள் அனுப்புங்கள். கேள்வி மட்டும் கேட்கக் கூடாது. போட்டிக் கம்பெனி உஷாராகிவிடும். பிறகு டெண்டர் தளத்தில் வரும் திருத்த அறிவிப்பைத் திறக்கவே வேண்டாம். தேதியைத்தானே நீட்டியிருப்பார்கள்!

3. பழைய டெண்டரை எடுத்து 'சேவ் ஆஸ்' கொடுங்கள். துறையின் பெயரை மாற்றுங்கள், எல்லா இடத்திலும் அல்ல. மதுரைத் தெருவிளக்கு டெண்டரின் 47ஆம் பக்கத்தில் "கோவைக் குடிநீர்த் திட்டத்தை உரிய காலத்தில் முடிப்போம்" என்று உறுதி கொடுத்தால் உங்கள் அனுபவத்தின் வீச்சு தெரியும்.

4. விலைப் பட்டியலுக்கு வருவோம். தளத்திலிருந்து இறக்கிய எக்ஸெல் கோப்பின் பெயரை மாற்றக் கூடாது என்பார்கள். நீங்கள் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'எம்.டி. ஓகே ஃபைனல்' என்று சேமித்துக்கொண்டே போங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்ற சண்டையைக் கடைசி நாள் மதியத்துக்கு ஒதுக்குங்கள். டெக்னிக்கல் கவரிலும் விலையை ஓரமாகச் சொல்லிவையுங்கள். இரண்டு கவர் முறையில் அதற்குத் தள்ளுபடிதான். ஆனால் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998லேயே வந்துவிட்டதே, இன்னும் என்ன ஒளிவுமறைவு?

5. இ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகையை அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொள்ளும். அக்கவுண்ட்ஸிடம் சொல்ல வேண்டாம். மத்திய அரசுக் கொள்முதலென்றால் மதிப்பில் 2 முதல் 5 சதவீதம் வரை கேட்பார்கள். அவ்வளவு பணத்தை முன்கூட்டியே முடக்குவார்களா?

6. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எம்.டி. வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கட்டும். எம்.டி. திருப்பதியில் இருக்கட்டும். பாஸ்வேர்டு மூன்று பேருக்குத் தெரிந்திருக்கட்டும், மூன்று விதமாக.

7. மூன்று மணிக்கு மூடும் டெண்டருக்கு 2.55க்கு அப்லோடைத் தொடங்குங்கள். சர்வர் கடிகாரம்தான் கணக்கு என்பதால் உங்கள் வாட்ச் நாலு நிமிடம் மெதுவாக ஓடுவது நல்லது. ஆடிட்டர் சான்றிதழ் உட்பட எல்லாவற்றையும் கலரில், கனமாக ஸ்கேன் செய்திருப்பீர்கள். டீம் முழுக்கப் பின்னால் நின்று சுழலும் வட்டத்தைப் பார்க்கட்டும். யாராவது ஒருவர் "ரிஃப்ரெஷ் பண்ணுங்க சார்" என்பார். பண்ணுங்கள்.

8. உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "சர்வர் டவுன்" என்று எம்.டி.க்கு அனுப்புங்கள். மணி தெரியும் மூலையை வெட்டிவிட்டு.