மாமனாரின் இன்ஸ்பெக்‌ஷன்

நியூசிலாந்தில் எதைக் காட்டியும் என் மாமனாரை அசைக்க முடியவில்லை. பனிமலையைக் காட்டினோம். "ஊட்டியிலயும்தான் குளிரும்" என்றார். ரோட்டோருவாவில் கொதிக்கும் சேற்றுக் குளத்தைக் காட்டினோம். மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்துக்கு டிக்கெட் வேறயா?" என்றார்.

அவர் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாக ஓய்வு பெற்றவர். பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டர் என்று முழுசாகச் சொன்னால் இன்னும் சந்தோஷப்படுவார். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்து மீட்டர் கேஜ் தண்டவாளங்களை டிராலியில் உட்கார்ந்தபடி மேற்பார்வை பார்த்தே காலத்தைக் கழித்தவர். எந்த இடத்தில் எந்த போல்ட் லூஸாக இருக்கிறது என்று தேடித் தேடி, உலகத்தையே அப்படிப் பார்க்கிற கண் வாய்த்துவிட்டது. என்னையும் அந்தக் கண்ணால்தான் பார்ப்பார்.

அவரை மடக்க ரயிலால்தான் முடியும் என்று என் மனைவி சொன்னாள். எல்லாரும் ஆக்லாந்திலிருந்து கோரமண்டலுக்குக் கிளம்பினோம்.

தேம்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் சாலை கடலை உரசிக்கொண்டே வளைந்து வளைந்து போகிறது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் அலை. பின்சீட்டில் மாமியார் இஞ்சி முரப்பாவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு கொடுக்கலாமே என்று நான் ஊர்க் கதையை எடுத்தேன். 1820-ல் கப்பல்களுக்குப் பாய்மரம் வெட்டிக்கொண்டு போக வந்த ஆங்கிலேயக் கப்பல் ஒன்றின் பெயர் கோரமண்டல். அந்தப் பெயர்தான் இந்தக் கரைக்கு ஒட்டிக்கொண்டது. கப்பலுக்கு அது நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன பெயர் என்றேன். அவ்வளவுதான். மாமா அந்த நிமிஷத்திலிருந்து விருந்தாளி இல்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, பூர்வீகச் சொத்தைப் பார்வையிடுகிற தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரோடு பரவாயில்ல. நல்லாத்தான் வச்சிருக்கான்."

கோரமண்டலில், டிரைவிங் கிரீக் ரயில்வே என்ற மலை ரயிலின் பிளாட்பாரத்தில் இறங்கியதும் எல்லாரும் கேமராவை எடுத்தார்கள். மாமா குனிந்து, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சாண் வைத்து அளந்தார்.

"மாப்பிள்ளை, ரெண்டு சாண்கூட இல்லையே!"

உண்மைதான். 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1,676. ஊட்டி ரயில்கூட 1,000. மாமா நிமிர்ந்து, குட்டி ரயிலின் குட்டிச் சீட்டைப் பார்த்தார். சமீபத்தில் சுற்றளவு கூடிய என்னையும் பார்த்தார். "இது பார்க்குல குழந்தைங்க போறது. நம்ம தாங்குமா?"

தாங்கியது. சிலுசிலுவென்று காற்றடிக்கும் திறந்த பெட்டியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். டிரைவர் இந்த ரயிலின் கதையைச் சொல்ல, நான் மாமாவுக்குத் தமிழில் எடுத்துவிட்டேன். சுருக்கமாக இதுதான்: பாரி பிரிக்கெல் என்று ஒரு குயவர். கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துவிட்டு, அது சரிப்படாமல் மண்ணைப் பிசையப் போனவர். 1973-ல் இந்த மலைச்சரிவை வாங்கினார். சூளை கீழே. நல்ல களிமண்ணும் எரிக்கப் பைன் விறகும் மேலே. தலைச்சுமையாகவா கொண்டுவர முடியும்? 1975-ல் தண்டவாளம் போட ஆரம்பித்தார்.

"சரி, நியாயமான காரணம்" என்றார் மாமா. ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டைக்கும் காரணம் எழுதி ஃபைலை மேலே அனுப்பியே வாழ்ந்தவர் அல்லவா!

ரயில் காட்டுக்குள் நுழைந்தது. பெரணி மரங்கள் இருபுறமும் குடை விரித்திருந்தன. பெரணி என்றால் நம் ஊர்த் தொட்டிச் செடி இல்லை, தென்னங்கன்று உயரத்துக்கு நிற்பவை. அவற்றுக்கு நடுவே ரிமு, டோட்டரா, நெட்டுக்குத்தாக வளர்ந்துவரும் கௌரி மரங்கள். பார்த்தால் ஆதிகாலத்துக் காடு என்றே தோன்றும். ஆனால் பெரும்பாலும் பிரிக்கெல் காலத்தில் நட்டது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளின் கௌரி மரங்களை வெட்டித் தீர்த்திருக்கிறார்கள். ஓடையைக் கட்டையால் அணை கட்டித் தேக்கி, மரங்களை அதில் அடுக்கி, அணையை ஒரே இழுப்பில் திறந்துவிட்டால், வெள்ளம் எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டு கடலில் சேர்க்கும். வழியில் இருந்த கரை, செடி, மீன் எல்லாமும் சேர்ந்துதான் போகும். போதாக்குறைக்கு 1852-ல் சார்லஸ் ரிங் என்பவர் இந்த டிரைவிங் கிரீக் ஓடையிலேயே தங்கம் கண்டுபிடித்துத் தொலைத்தார். தங்கம் இருக்கிற இடத்தில் மரத்துக்கு என்ன மரியாதை? பிரிக்கெல் வெளிநாட்டுப் பைனை வெட்டிச் சூளையில் எரித்தார். அந்த இடத்தில் உள்நாட்டு மரங்களை ஆயிரக்கணக்கில் நட்டார்.

மாமாவுக்குக் காட்டில் அக்கறையில்லை. அவர் கண் தண்டவாளத்தை விட்டு விலகவில்லை. "ஜல்லி பரவாயில்ல... வாட்டர் டிரெய்னேஜ் நல்லா பண்ணியிருக்கான்..." என்று ஏதோ அறிக்கைக்குக் குறிப்பெடுப்பவர் போல முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மண் சரியாமல் இருக்க வழியெல்லாம் தடுப்புச் சுவர். சில இடங்களில் அந்தச் சுவரே காலி பாட்டில். பச்சையும் பழுப்புமாக, அடிப்பக்கம் வெளியே தெரியப் படுக்கவைத்து அடுக்கியிருக்கிறார்கள். அதுவரை கண்ணைத் திறக்காத மாமியார் அங்கேதான் திறந்தார்.

"இத்தனையும் யாருங்க குடிச்சுத் தீர்த்தது?"

"ரிட்டெய்னிங் வால் கட்டணும்னா குடிச்சுத்தான் ஆகணும்" என்றார் மாமா, பொறியியல் ரீதியாக.

இடையிடையே சுவரோரம் சுட்ட மண்ணில் செய்த முகங்கள் எட்டிப் பார்த்தன. அடுத்து ஒரு சுரங்கம், ஒரு பாலம். அதே பாலத்தின் மேல்தளத்தில் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நாங்கள். மலை செங்குத்தாகும் இடத்தில் ரயில் முட்டுச்சந்தில் போய் நின்றது. பாதை மாறியது. வந்த பக்கமே முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த படிக்கு ஏறத் தொடங்கியது.

மாமா சீட்டிலிருந்து எழுந்தேவிட்டார். "ரிவர்சிங் ஸ்டேஷன்! மாப்பிள்ளை, இது போர்காட்ல இருந்துச்சு, கண்டாலா பக்கத்துல. 1929-ல எடுத்துட்டான். நான் படத்துலதான் பாத்திருக்கேன்!" டிரைவர் பணிவாக உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். அடுத்த முட்டுச்சந்தில் மறுபடி எழுந்தார். முட்டுச்சந்துகளுக்கு அங்கே குறைவில்லை.

உச்சியில், கடல் மட்டத்துக்கு 165 மீட்டர் மேலே, மரத்தில் ஒரு கோபுரம். பாரிஸ் கோபுரத்தைக் கிண்டலடித்து ஐ-ஃபுல் டவர், அதாவது கண் நிறைந்த கோபுரம் என்று பிரிக்கெல் பெயர் வைத்திருக்கிறார். கீழே ஹவுராக்கி வளைகுடா, சிதறிக் கிடக்கும் தீவுகள். எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். மாமா வந்த வழியைப் பார்த்தார்.

"இங்க களிமண்ணு எங்க இருக்கு?"

"இங்கே எதுக்கு மாமா? வேண்டிய மண்ணு பாதி வழியிலேயே கிடைச்சிருக்கும்."

"அப்புறம் இதுவரைக்கும் ஏன் லைன் வந்துச்சு?"

சொல்லத் தெரியவில்லை. ஒரு சூளைக்கு எவ்வளவு மண் வேண்டியிருக்கும்? மனுஷர் கால் நூற்றாண்டுக்கு மேலாக இந்தத் தண்டவாளத்தை மேலே, இன்னும் மேலே என்று கொண்டுபோயிருக்கிறார். 1990-ல் பயணிகளுக்குத் திறந்துவிட்டு, மண் ஏறிய வண்டியில் மனுஷர்களை ஏற்றினார். 2016-ல் காலமானார். மாமா கம்பியைப் பிடித்தபடி யோசித்துவிட்டு, ரொம்ப அந்தரங்கமான குரலில் சொன்னார்: "மண்ணுக்காக லைன் இல்ல மாப்பிள்ளை. லைனுக்காக மண்ணு. நான் ஃபைல் பாத்தவன், எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் சிரித்ததாக நினைவில்லை.

இறங்கும்போது மாமியார் கடையில் மண்குவளை ஒன்றை எடுத்து, விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்து, அலுங்காமல் திருப்பி வைத்தார்.

மறுநாள் காலை வீட்டின் பின்புறம் டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. எங்கள் கொல்லை ஆக்லாந்துக்கே உரிய சரிவு. உச்சியில் ஓர் எலுமிச்சை மரம். மாமா முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, நோட்டுப்புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சமையலறை வாசலிலிருந்து மரம் வரைக்கும்.

"அம்மா மூட்டுவலியோட மேல ஏறிப் பழம் பறிக்கிறா. அதான், சின்னதா ஒரு டிராலி" என்று மகளிடம் விளக்கினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, டிராஃபிக் சர்வே எடுக்கிற குரலில் கேட்டார்:

"வாரத்துக்கு எத்தனை பழம் வரும்?"

"ரசத்துக்கு ரெண்டு, மூணு" என்றார் மாமியார் உள்ளேயிருந்து.

மாமாவின் முகம் வாடியது. அந்த வரத்துக்கு எந்த மேலதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டான்.

"ஊறுகாய் போட்டா?"

"ஊறுகாய்னா நூறு பழமாவது வேணும்."

"அப்ப டபுள் லைன்தான்" என்று எழுதிக்கொண்டார்.