கோட்டும் விசிறியும்: ராஸ்பெர்ரி பைக்குக் கேஸ் வாங்குவது பற்றிய ஒரு சாத்திர விசாரணை

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் கணக்கு வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று மாறுகொளக் கூறல். முன்னால் சொன்னதற்கு எதிராகப் பின்னால் சொல்வது. நன்னூலை இயற்றிய பவணந்தியார் நூலாசிரியர்களை மனத்தில் வைத்துத்தான் இதைச் சொன்னார். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிப் பலகைக்கென்று விற்கப்படும் ‘கூலிங் கேஸ்’ அவர் கண்ணில் பட வழியில்லை. பட்டிருந்தால் உதாரணம் தேடி வேறெங்கும் போயிருக்க மாட்டார். கேஸ் என்றால் மூடுவது. கூலிங் என்றால் திறந்துவிடுவது. சித்திரை வெயிலில் ஒருவருக்குக் கம்பளிக் கோட்டை மாட்டிவிட்டு, வேர்க்கிறதே என்று முதுகில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் ஒரு குட்டி மின்விசிறியைப் பொருத்தி, ‘விசிறி வைத்த கோட்டு’ என்று தனி விலை சொன்னால் எப்படியிருக்கும்? கூலிங் கேஸ் வியாபாரம் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. தான் செய்த குற்றத்துக்குத் தானே பரிகாரம் செய்துகொள்ளும் பொருள் அது. ஆகவே பரிகாரம் எவ்வளவு பெரியது என்று பார்த்து வாங்குவது பிழை. குற்றம் எவ்வளவு சின்னது என்று பார்த்து வாங்குவதே முறை. இக்கட்டுரையின் துணிபு இவ்வளவுதான். மற்றதெல்லாம் சான்றும் தடைவிடையும்.

முதலில் வரலாற்றுச் சான்று. 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம் கொண்ட இந்தப் பச்சைப் பலகை 2012 பிப்ரவரி 29 அன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாளாகப் பார்த்து, 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். அதற்கு வெப்பத்தை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்க் கிடையாது, ஃபேன் கிடையாது, கம்பெனி தந்த கேஸும் கிடையாது. மூன்று ஆண்டுகள் திறந்த மேனியாகவே திரிந்தது. சூடாகிறதே என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2015-இல்தான் சிவப்பும் வெள்ளையுமான அதிகாரபூர்வ பிளாஸ்டிக் கேஸ் வந்தது. அதற்குப் பிறகு சிப்பின் வேகம் ஏறிக்கொண்டே போனது. 2018-இன் 3பி பிளஸ் மாடல், சிப்புக்கு மேலே ஓர் உலோக மூடி போட்டுக்கொண்டு 1.4 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. 2019 ஜூனில் வந்த பை 4 வேகத்தில் 1.5 கிகாஹெர்ட்ஸ்தான் என்றாலும், உள்ளே இருந்த கோர்கள் வேறு ஜாதி. உச்சத்தில் போர்டு மொத்தமும் 8 வாட் வரை தின்னக்கூடியது. அதற்கும் அதே பாணியில் நாலாபுறமும் அடைத்த ஒரு கேஸ். டிரில்லிங் மெஷின் வைத்திருந்தவர்கள் மூடியில் ஓட்டை போடத் தொடங்கினார்கள். 2020 கடைசியில் அதே கேஸுக்குள் மாட்டிக்கொள்ள 5 டாலருக்கு ஒரு ஃபேன் வந்தது. 2023-இல் பை 5 வந்தபோது அதன் கேஸ் பிறக்கும்போதே ஃபேனோடு பிறந்தது. மேல்மூடியையும் கழற்றிவிடலாம் என்றார்கள். நீதிமன்றத்தில் இதைத் தவணை முறை வாக்குமூலம் என்பார்கள். முதல் தவணையில் ஓட்டை, இரண்டாவதில் விசிறி, மூன்றாவதில் மூடியையே கழற்றிக்கொள்ளும் உரிமை. அடுத்த தவணையில் கேஸையே விலக்கிக்கொள்வார்களோ என்று எதிர்பார்ப்பது ஆய்வாளனின் பேராசை.

அற்றேல், சிப் உண்மையிலேயே சூடாகிறதே, அதற்கு என்ன வழி எனின், எவ்வளவு சூடானால் கெடுதல் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே சாத்திரத்துக்கு வேலையில்லை. ஒரே ஓர் எண் போதும். 80. சிப்பின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். 85-இல் இன்னும் கண்டிப்பாகக் குறைத்துவிடும். இதற்குத் திராட்டிலிங் என்று பெயர். 3பி பிளஸ் நீங்கலாக, 79-இல் இருந்தால் முழு வேகம். 45-இல் இருந்தாலும் அதே முழு வேகம்தான். 45-க்குக் கூலி உயர்வு இல்லை. இந்தச் சின்ன உண்மையை மனத்தில் வாங்கிக்கொண்டால் சந்தையில் பாதிக் கேஸ்கள் தாமாகவே தள்ளுபடியாகிவிடும். ஆனால் மனித மனம் காய்ச்சல் கணக்குக்குப் பழகியது. 62 என்று டெர்மினலில் தெரிந்ததும், பிள்ளையின் நெற்றியில் கை வைத்த தாய் மாதிரிப் பதறி, ஐஸ் டவர் என்ற பெயரில் விற்கும், போர்டைவிட உயரமாக நிற்கும் கோபுரத்தை ஆர்டர் செய்துவிடுகிறது. அந்தப் போர்டு செய்யும் வேலை என்னவென்று விசாரித்தால், வீட்டு இணையத்தில் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலை ஓட்டிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க அதற்கு மூச்சு வாங்கும் வேலைகூட இருக்காது. வாசலில் ஸ்டூல் போட்டுத் தூங்கும் காவலாளிக்கு ஏசி அறை கட்டிக் கொடுத்த கதை.

சூடு குறையக் குறைய ஆயுள் கூடுமே என்பார்கள் எதிர்க்கட்சியார். மின்னணுப் பொருள் எதுவாக இருந்தாலும் குளிர்ச்சியில் மெதுவாகத்தான் மூப்படையும். இதை மறுக்க முடியாது. ஆனால் பையின் வாழ்க்கையில் முதலில் சாவது சிப் அன்று, எஸ்டி கார்டு. அதற்கும் முன்னால் சாவது உரிமையாளரின் ஆர்வம். இந்த இரண்டையும் தாண்டிப் பத்தாண்டு ஓடப்போகிற சிப்புக்காக இன்றைக்கே ஆயுள் காப்பீடு எடுப்பவரைத் தடுக்கப் போவதில்லை. ஆனால் அதைக் குளிர்ச்சி என்று சொல்லாமல் பக்தி என்று சொன்னால் நேர்மையாக இருக்கும்.

இன்னொரு தடை கனமானது. அதற்கு நம் ஊர்க்காரர்கள்தான் விடை சொல்ல வேண்டும். கேஸ் விளம்பரங்களில் வரும் அளவுகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளில் எடுத்தவை. பை பிறந்த கேம்பிரிட்ஜில் அறை 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சிப்பின் வெப்பம் ஏறக்குறைய அறை வெப்பத்தின் மேல் ஒரு கூட்டல்தான். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ சிப்பும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ஏறும். அங்கே 62 காட்டும் அதே கேஸ், மே மாதத்துச் சென்னை மாடி அறையில், காற்று 36 டிகிரியில் நிற்கும்போது, 78 காட்டும். அதையே டிவிக்குப் பின்னால், செட்-டாப் பாக்ஸ் தலைமேல், தினமலர் ஞாயிறு இணைப்பு மூடிய நிலையில் வைத்தால் 80 வெகு சுலபம். அப்படியானால் பெரிய கேஸ் வேண்டுமல்லவா எனின், அற்றன்று. முதலில் செட்-டாப் பாக்ஸ் மேலிருந்து எடுக்க வேண்டும். எடுத்துச் செங்குத்தாக நிறுத்தினால் சூடான காற்று தானாகவே மேலே ஏறி வெளியேறும். செலவு ஏதுமில்லாத இந்தப் பரிகாரத்தை எந்த விற்பனையாளரும் பட்டியலில் சேர்த்ததில்லை.

இனி, கேஸ் எப்படிக் குளிர்விக்கிறது என்ற நுட்பம். இங்கேதான் வாங்குகிறவர் பார்ப்பது ஒன்று, நடப்பது வேறொன்று. அவர் அலுமினியத்தின் கனத்தைப் பார்க்கிறார், வரிவரியான துடுப்புகளை எண்ணுகிறார். முழு வழக்கும் தீர்மானமாவதோ சிப்புக்கும் அந்த அலுமினியத்துக்கும் நடுவிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு வழியாக 1 வாட் வெப்பம் போக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள அலுமினியத் தூண் அதற்குக் கேட்கும் வெப்ப வித்தியாசம் அரை டிகிரி. அதே இடத்தில் ஒரு தாளின் தடிமன், அதாவது 0.1 மில்லிமீட்டர், காற்று நின்றால் அது கேட்பது 38 டிகிரி. ஒரு தாள் கனக் காற்று, எழுபது எண்பது சென்டிமீட்டர் அலுமினியத்துக்குச் சமமான தடை! ஆகவேதான் நடுவில் தெர்மல் பேட் என்ற அந்தச் சாம்பல் நிற, ரப்பரும் மெழுகும் கலந்தது போன்ற வில்லையை வைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள சுமாரான பேட் வாட்டுக்கு மூன்று மூன்றரை டிகிரியோடு விட்டுவிடும். ஆனால் அதன் இருபுறமும் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கும். ஒரு பக்கத்தை உரித்துச் சிப்பின் மேல் ஒட்டிவிட்டு, மறுபக்கத்தை மறந்து மூடியைத் திருகிவிடுவது எளிது. ஏனென்றால் அந்தப் படலம் நகத்துக்கு அகப்படாது, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் மின்னும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த கேஸும் அந்தப் படலத்தின் முன்னால் வெறும் டப்பா. நகவெட்டியின் நுனி இந்த இடத்தில் எந்த ஃபேனையும்விடப் பெரிய குளிர்சாதனம்.

இப்படிச் சொன்னால் கேஸே வேண்டாம் என்று வாதிடுவதாகத் தோன்றலாம். அதுவும் ஒரு கட்சி. திகம்பரக் கட்சி என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் சொல்வதில் வெப்பவியல் சுத்தமாக இருக்கிறது, இல்லறம்தான் இல்லை. போர்டின் ஓரத்தில் நாற்பது ஊசிகள் நிற்கின்றன. முதல் ஊசியில் 3.3 வோல்ட், அதன் தோளை ஒட்டி நிற்கும் இரண்டாவதில் 5 வோல்ட். மேசையில் உருளும் ஒரு திருகாணி இரண்டையும் ஒருசேரத் தொட்டால் போதும், போர்டுக்குப் பால் ஊற்றிவிடலாம். பல்லியும் தொட்டுவிடும், ஒட்டடையும் தொட்டுவிடும், ஸ்டீல் டம்ளரிலிருந்து சிந்திய காப்பியும் தொட்டுவிடும். ஆகவே கேஸ் தேவை. ஆனால் திருகாணிக்கும் பல்லிக்கும் எதிராகத் தேவை. வெப்பத்துக்கு எதிராக அன்று. குற்றம் தவிர்க்க முடியாதது, எனவே மன்னிக்கத்தக்கது என்பதே நம் நிலை.

நம் துணிபுக்கு வலுவான எதிர்ச்சான்று ஒன்று உண்டு, அதை மறைப்பது ஆய்வறம் ஆகாது. ஃபிளிர்க் போன்ற அலுமினியக் கேஸ்களில் உட்கூரையிலிருந்து ஒரு தூண் இறங்கிச் சிப்பின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. கேஸே ஹீட் சிங்க். அங்கே கோட்டு கோட்டாக இல்லை, தோலாகிவிட்டது. குற்றமும் பரிகாரமும் ஒரே உலோகத்தில் கரைந்துவிட்டன. சத்தமில்லை, சுழலும் உறுப்பில்லை, தேய்வதற்கு ஒன்றுமில்லை. தொட்டால் சூடாக இருக்கிறதே என்று சிலர் குறைப்படுகிறார்கள். சுட்டால்தான் அது வேலை செய்கிறது என்று பொருள். தொட்டால் ஜில்லென்றிருக்கும் பிளாஸ்டிக் கேஸ், வெப்பத்தை உள்ளேயே வைத்து அமுக்கிக்கொண்டிருக்கும் கள்ளன். ஆனால் உலோகத்துக்கும் ஒரு பாவம் உண்டு: வைஃபை ஆண்டெனா போர்டின் விளிம்பிலேயே அச்சாகியிருக்கிறது, அதைச் சுற்றி அலுமினியச் சுவர் எழுப்பினால் சிக்னல் மங்கும். லேன் கேபிள் மாட்டுகிறவருக்கு இந்தப் பாவம் ஒட்டாது. இன்னொரு எச்சரிக்கை: இவ்வளவு உலோகம் சூடேறவே நேரம் பிடிக்கும். மாட்டிப் பத்தே நிமிடத்தில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு புகழ்பவர், அடுப்பில் வைத்த அண்டாவில் விரல் விட்டுப் பார்த்துத் தண்ணீர் கொதிக்காது என்று முடிவு கட்டுபவர்.

ஃபேன் கட்சிக்கு ஒரு பத்தி போதும். பை 5-இல் ஃபேனுக்கென்று தனி இணைப்பு இருக்கிறது. 50 டிகிரி வரை சும்மா இருந்து, 50-இல் மெதுவாகச் சுற்றத் தொடங்கி, 60-இலும் 67.5-இலும் வேகம் கூட்டி, 75-இல்தான் முழு மூச்சாக ஓடும். 12 வாட் வரை தொடக்கூடிய போர்டுக்கு இது நியாயம். பழைய போர்டுகளில் மலிவான ஃபேனை 5 வோல்ட் ஊசியில் நேராகச் செருகினால் அதற்கு வெப்பமும் தெரியாது, நேரமும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கும் கொசு மாதிரி ரீங்கரிக்கும். சில மாதத்தில் தூசி ஏறி, இறக்கை கிறீச்சிட்டு, ஒருநாள் நின்றுபோகும். நன்னூலார் இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்: சென்று தேய்ந்து இறுதல்.

ஆக, முதல் மூன்று தலைமுறைப் பைக்கும் பை ஸீரோ என்ற சின்ன மாடலுக்கும் காற்றுப் புகும் எந்த டப்பாவும் போதும். பை 4-க்குக் கேபிளில் ஓடினால் அலுமினியம். வைஃபையில் ஓடினால் மேல்பக்கம் திறந்த கேஸும் ஒட்டு ஹீட் சிங்கும். பை 5-க்கு, ஹீட் சிங்கும் ஃபேனும் சேர்ந்த ஆக்டிவ் கூலர், அதன் மேல் மூடி கழற்றிய கேஸ். மிச்சமிருப்பது கலர் கலராக எரியும் எல்இடி வைத்த ஃபேன்கள் மட்டுமே. அந்த விளக்குகளின் குளிர்விக்கும் திறன் நீலத்தில் அதிகமா பச்சையில் அதிகமா என்ற வினாவுக்கு விடை தெளிவு: இரண்டிலும் பூஜ்யம், மின்செலவு தனி. பத்துக் குற்றத்தில் கடைசியான நின்று பயனின்மை இதுதான். பல ஃபேன்களில் விளக்கை அணைக்கத் தனி சுவிட்ச் கிடையாது. படுக்கையறையில் வைத்தவர்கள் வேறு வழியில்லாமல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை வெட்டி, காற்று வரும் துவாரங்களையும் சேர்த்து, கேஸின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். கோட்டுக்கு மேலே இப்போது ஒரு போர்வை.