2007 ஏப்ரல்: கோச்சுகள் பெட்டி கட்டிய மாதம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், பெரிய இடம் கூப்பிட்டும் கொடுத்த வாக்கை மீறாத கோச் என்று ஒருவரைக் காட்டுவார்கள். அவரும் வாக்கு மீறாமல் இருக்க, ஒரு பனிப்புயல் வந்து டெலிபோன் கம்பியைப் படுக்கவைக்க வேண்டியிருந்தது.

வருஷம் 1948. இண்டியானா மாநிலத்து ஆசிரியர் கல்லூரி ஒன்றில் கோச்சாக இருந்தார் ஜான் வுடன். இரண்டு இடத்திலிருந்து அழைப்பு. மின்னசோட்டா பெரிய இடம், ஊருக்கும் பக்கம், மனசும் அங்கேதான். இன்னொன்று லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ.; அன்றைக்குக் கூடைப்பந்தில் சீந்துவார் இல்லாத இடம். மின்னசோட்டாக்காரர்கள் சாயங்காலம் 6 மணிக்கு ஃபோன் செய்வதாகப் பேச்சு. யு.சி.எல்.ஏ. 7 மணிக்கு. ஆறு மணி தாண்டியும் மணி அடிக்கவில்லை. ஏழுக்கு யு.சி.எல்.ஏ. கூப்பிட்டது, வுடன் சரி என்றுவிட்டார். பிற்பாடு மின்னசோட்டா லைனில் வந்து, பனிப்புயலில் டெலிபோன் செத்துவிட்டது, வேலை உங்களுக்குத்தான் என்றது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லி ரிசீவரை வைத்தார் மனுஷன். இந்தக் கதையை ஆயுள் முழுக்கச் சொன்னவரும் அவர்தான், கதாநாயகனும் அவர்தான் என்பதை மட்டும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போனால் அங்கே கிடைத்தது மூன்றாவது மாடியில் ஒரு வியர்வைக் கூடம். ஒரு பக்கம் மல்யுத்தப் பையன்கள், ஒரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ் பையன்கள், மிச்ச இடத்தில் கூடைப்பந்து. தரையில் படிந்த புழுதியைக் கோச்சே அகலத் துடைப்பத்தால் தள்ளி, ஈரத் துணி போட்டுத் துடைத்த பிறகுதான் பயிற்சி. புது அரங்கம் வரும் என்ற நம்பிக்கையில் போனவர். அது 1965-ல் வந்தது, பதினேழு வருஷம் கழித்து.

1950-ல் அவர் படித்த பர்டியூ பல்கலைக்கழகம் வந்து கூப்பிட்டது. சம்பளமும் அதிகம். வுடனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யு.சி.எல்.ஏ. அதிகாரிகள் அமைதியாக ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினார்கள்: மூன்று வருஷ ஒப்பந்தம் தந்தால்தான் வருவேன் என்று கறாராக நின்றது யார்? நம்ம ஆள்தான். வாயை மூடிக்கொண்டு தங்கினார். 1964-க்கும் 1975-க்கும் நடுவே பத்து தேசியப் பட்டங்கள் வாங்கினார். இதைக் கொள்கைப் பிடிப்பு என்று புத்தகங்கள் எழுதுகின்றன. நான் டெலிபோன் கோளாறும் ஒப்பந்தத் தாளும் என்று எழுதுவேன்.

அடுத்த தலைமுறை கோச்சுகளின் காலத்தில் டெலிபோன் நன்றாக வேலை செய்தது. அதுதான் வினையாகிப் போயிற்று.

சின்னக் கல்லூரி கோச் ஏன் ஓடுகிறார்? காசு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதிக் கதை. அங்கே கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடும். மார்ச்சில் தேசியப் போட்டி. இன்றைய கணக்கில் 68 அணிகள். பெரிய கான்ஃபரன்ஸில் இருந்தால், பருவம் முழுக்கப் பத்து ஆட்டம் தோற்றவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போகலாம். சின்ன கான்ஃபரன்ஸுக்குப் பெரும்பாலும் ஒரே இடம், அதுவும் கடைசியில் நடக்கும் குழுப் போட்டியை ஜெயிப்பவருக்கு. நவம்பரிலிருந்து எல்லோரையும் துவைத்துக் காயப்போட்டிருப்பார். மார்ச்சில் ஒரு ராத்திரி பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். வருஷா வருஷம் இப்படி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு, தோற்றாலும் உள்ளே விடுகிற இடத்திலிருந்து ஃபோன் வந்தால் எடுக்காமல் இருப்பாரா?

எடுத்துவிட்டு, சரி என்றுவிட்டு, அப்புறம் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டவர்கள்தான் இந்த வரலாற்றின் ருசியான பகுதி.

முதல் மரியாதை பாபி கிரெமின்ஸுக்கு. அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற மலைநாட்டுக் கல்லூரியில் ஆரம்பித்து ஜார்ஜியா டெக் என்ற பெரிய இடத்துக்கு ஏறி வந்தவர். தலை முழுக்க வெள்ளை முடி. 1993-ல், தான் படித்து ஆடிய தென் கரோலினா பல்கலைக்கழகம் கூப்பிட, கிளம்பிப் போனார். அறிவிப்பு, கைகுலுக்கல், படம் எல்லாம் ஆயிற்று. மூன்றே நாளில் மனசு மாறித் திரும்பி ஜார்ஜியா டெக்கிலேயே வந்து உட்கார்ந்தார். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் ஆடுகளத்துக்கு அவர் பெயரே வைத்தார்கள். ஓடிப்போனவருக்கு இவ்வளவு மரியாதை என்றால் ஒழுங்காக இருந்தவர்களுக்கு என்ன வைப்பார்களோ!

அடுத்து 2006 ஜூன். வின்த்ராப் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தின் கோச் கிரெக் மார்ஷல், அதே மாநிலத்து சார்ல்ஸ்டன் கல்லூரிக்குப் போவதாக அறிவித்தார். முன்பு உதவிக் கோச்சாக இருந்த இடம்தான். பத்திரிகையாளர்களை வைத்து அறிமுகமும் நடந்தது. மறுநாள், அடடா, எனக்கு வின்த்ராப்தான் சரி என்று வண்டியைத் திருப்பிவிட்டார். தாம்பூலம் மாற்றிய மறுநாள் மாப்பிள்ளை ஓடிப்போன வீடு மாதிரி நின்றது சார்ல்ஸ்டன். அவசரத்துக்கு வேறு மாப்பிள்ளை தேடியவர்கள் யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? சாட்சாத் பாபி கிரெமின்ஸை. ஒருவர் ஓடிப்போன இடத்தில், ஓட்டத்துக்கு முன்னோடியையே கொண்டுவந்து உட்கார வைத்த துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். அவர் 2012 வரை இருந்தார்.

வின்த்ராப்தான் சரி என்ற மார்ஷலின் ஞானோதயம் எத்தனை நாள் நீடித்தது? அடுத்த ஏப்ரல் வரை. அந்த ஏப்ரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

2007-ல் அமெரிக்கக் கூடைப்பந்து கோச்சுகளில் பாதிப் பேருக்கு வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி தேவைப்பட்டது என்று சொன்னால் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. முதலில் மின்னசோட்டா. வுடனுக்கு லைன் கிடைக்காத அதே மின்னசோட்டாவில் டான் மான்சன் 2006 நவம்பரில் ராஜினாமா செய்திருந்தார். அந்த இடத்துக்குக் கென்டக்கியிலிருந்து டப்பி ஸ்மித் வந்தார். கென்டக்கியில் முதல் வருஷமே தேசியப் பட்டம் வாங்கியவர்தான். ஆனால் அங்கே பட்டம் வாங்காத வருஷமெல்லாம் துக்க வருஷம், ரசிகர்கள் முணுமுணுத்தே ஆளை விரட்டிவிடுவார்கள். காலியான கென்டக்கிக்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம்-மிலிருந்து பில்லி கில்லிஸ்பி. காலியான ஏ அண்ட் எம்-முக்கு விச்சிட்டா ஸ்டேட்டிலிருந்து மார்க் டர்ஜன். காலியான விச்சிட்டாவுக்கு நம்ம மார்ஷல். காலியான வின்த்ராப்பில் உதவிக் கோச்சுக்கு யோகம். மின்னசோட்டாவில் ஒருவர் தும்மியதற்குத் தென் கரோலினாவில் ஒருவருக்குப் பதவி உயர்வு.

அதே மாதம் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தின் டேனா ஆல்ட்மன் ஆர்கன்சாவுக்குப் போனார். பன்றியை அழைக்கிற மாதிரி ஊரே சேர்ந்து கூவி உற்சாகப்படுத்தும் ஊர் அது. அறிமுகக் கூட்டம் முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும், ஆல்ட்மன் கிரெய்ட்டனுக்கே திரும்பிவிட்டார். குடும்பக் காரணம் என்றார். நான் கூவலைத்தான் சந்தேகப்படுகிறேன். (2010-ல் அவர் ஓரிகனுக்குப் போனார்; இந்த முறை திரும்பவில்லை.)

ஜூனில் பெரிய தலையே ஆடியது. மார்ஷல் பல்கலைக்கழகம் என்ற சின்ன இடத்திலிருந்து ஃப்ளோரிடாவுக்கு வந்து, 2006, 2007 இரண்டு வருஷமும் தேசியப் பட்டம் வாங்கிய பில்லி டோனவன், தொழில்முறை அணியான ஆர்லாண்டோ மேஜிக்குக்குக் கையெழுத்துப் போட்டார். ஃப்ளோரிடாவின் விளையாட்டுத் துறைத் தலைவர் மாற்று ஆள் தேடி ரிச்மண்டுக்கு விமானம் ஏறிவிட்டார்; அங்கே டோனவனின் பழைய உதவியாளர் அந்தோணி கிராண்ட் வி.சி.யு. கோச்சாக இருந்தார். அதற்குள் டோனவன், நான் வரவில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று ஆர்லாண்டோவிடம் கெஞ்ச, ஐந்து வருஷத்துக்கு எந்தத் தொழில்முறை அணிக்கும் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். இப்போதெல்லாம் ரசிகர்கள் இதில் இன்னும் தேறிவிட்டார்கள். தனி விமானத்தின் வாலில் உள்ள எண்ணைத் தேடிப் பிடித்து, அது எந்த ஊரில் இறங்குகிறது என்று கம்ப்யூட்டரில் பின்தொடர்ந்து, இன்ன கோச் வரப்போகிறார் என்று கோச்சின் மனைவிக்குத் தெரியும் முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இத்தனை ஓட்டமும் கோச்சுக்குத்தான். அந்தக் காலத்தில், அவரை நம்பி வந்து சேர்ந்த பையன் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் பெஞ்சில் உட்கார வேண்டும். விசுவாசத்தின் அருமை அவனுக்குத் தெரியட்டும் என்று வைத்திருந்தார்கள் போல. 2021-ல்தான் தளர்த்தினார்கள்.

சரி, போனவர்கள் என்ன ஆனார்கள்? கென்டக்கிக்குப் போன கில்லிஸ்பி முழு ஒப்பந்தத்தில் கடைசிவரை கையெழுத்தே போடவில்லை. ஒரு புரிந்துணர்வுக் குறிப்போடு இரண்டு வருஷம் ஓட்டினார். முதல் நவம்பரிலேயே கார்ட்னர்-வெப் என்ற சின்னப் பல்கலைக்கழகம் கென்டக்கியின் சொந்த அரங்குக்கே வந்து அவரை அடித்துவிட்டுப் போனது. 2009-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையெழுத்தில்லாத தாளுக்கு என்ன மதிப்பு என்று வழக்கு நடந்து, ஏறக்குறைய 30 லட்சம் டாலரில் சமாதானம் ஆயிற்று. மார்ஷல் விச்சிட்டாவை 2013-ல் தேசிய அரையிறுதி வரை கொண்டுபோனார். 2020-ல் வீரர்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றிய புகார்களுக்குப் பிறகு 77.5 லட்சம் டாலர் உடன்பாட்டோடு விலகினார்.

அயோவாவின் அனுபவம்தான் எனக்குப் பிடித்தது. அங்கே 2007 வரை இருந்தவர் ஸ்டீவ் ஆல்ஃபர்ட். அவரே ஒரு சின்ன இடத்திலிருந்து வந்தவர். அவர் நியூ மெக்சிகோவுக்குக் கிளம்ப, பட்லர் என்ற இன்னொரு சின்ன இடத்திலிருந்து டாட் லிக்லைட்டரை அள்ளிக்கொண்டு வந்தார்கள். மூன்று வருஷத்தில் 38 வெற்றி, 58 தோல்வி. அத்தோடு வேலை போயிற்று. கோச்சைப் பறிகொடுத்த பட்லரோ, மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அங்கே எடுபிடியாக வந்து சேர்ந்திருந்த 30 வயதுப் பையன் ஒருவனைக் கோச்சாக்கியது. பெயர் பிராட் ஸ்டீவன்ஸ். லிக்லைட்டரை அயோவா விரட்டிய அதே வசந்தத்தில், 2010-ல், பட்லர் தேசிய இறுதி ஆட்டத்தில் நின்றது. ட்யூக் அணியிடம் 61-59. கடைசி நொடியில் பாதி மைதானத்திலிருந்து கார்டன் ஹேவர்ட் எறிந்த பந்து பலகையில் பட்டு, வளையத்தில் மோதி வெளியே போயிற்று. அடுத்த வருஷமும் இறுதி ஆட்டம், மறுபடி தோல்வி. அயோவா ஆளை வாங்கியது. சமையல் பட்லரிலேயே தங்கிவிட்டது.

ஆல்ஃபர்டை விட்டுவிட்டுப் போனால் பாவம். 2013 மார்ச்சில் நியூ மெக்சிகோவோடு பத்து வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டிப்பு என்று அறிவிப்பு வந்தது. உடனே தேசியப் போட்டியில் ஹார்வர்டிடம் தோற்றார். கூடைப்பந்துக்காக யாரும் ஹார்வர்டுக்கு அட்மிஷன் கேட்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். மாதம் முடிவதற்குள் யு.சி.எல்.ஏ.-வுக்குப் போய்விட்டார். பத்து வருஷம் பத்து நாளில் தீர்ந்தது. வுடன் தரை துடைத்த இடத்தின் கோச் பதவி அவருக்கு 2018 டிசம்பர் 31 வரைக்கும்தான். வருஷக் கணக்கைச் சுத்தமாக முடித்தார்கள்.

இனி மான்சன். இவர்கள் வீட்டில் இது குலத்தொழில்: அப்பாவும் ஐடஹோ என்ற சின்ன இடத்திலிருந்து ஓரிகனுக்குப் போய்ப் பிறகு வேலை இழந்தவர்தான். மகன் 1999-ல் கொன்சாகா என்ற, அன்றைக்கு யாருக்கும் பெயர்கூடச் சொல்லத் தெரியாத பல்கலைக்கழகத்தோடு தேசியப் போட்டிக்கு வந்து முதல் சுற்றில் மின்னசோட்டாவைத் தோற்கடித்தார். அதற்கு முந்தைய நாள்தான் மின்னசோட்டாவின் மானம் கப்பலேறியிருந்தது. அலுவலக ஊழியர் ஒருவர் வீரர்களுக்காகச் சுமார் 400 பாடக் கட்டுரைகளை எழுதிக் கொடுத்த கதை பத்திரிகையில் வந்துவிட்டது. நான்கு பேரை ஆட விடவில்லை. கொன்சாகா கடைசி எட்டு வரை போனது. அந்தக் கோடையில் மான்சன் எங்கே போனார்? தான் தோற்கடித்த அதே மின்னசோட்டாவுக்கு, தண்டனை வரப்போகிற வீட்டுக்கு. கொன்சாகாவில் உதவியாளராக இருந்த மார்க் ஃப்யூ அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதிலிருந்து எந்தப் பெரிய இடம் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை, 2017-லும் 2021-லும் இறுதி ஆட்டத்துக்கே போனார்.

மான்சன் மின்னசோட்டாவுக்கு அப்புறம் கலிஃபோர்னியாவில் லாங் பீச் ஸ்டேட்டில் பதினேழு வருஷம் ஓட்டினார். 2024 மார்ச்சில், தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றதும், இந்தப் பருவத்தோடு சரி என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் குழுப் போட்டிக்கு மட்டும் அவரே கோச். வேலை போன மனுஷன் அதை ஜெயித்துத் தொலைத்தார். ஆளை நீக்கிய கல்லூரி, அவர் தலைமையிலேயே தேசியப் போட்டிக்குப் போக வேண்டியதாயிற்று. முதல் சுற்றில் அரிசோனாவிடம் தோற்ற பிறகுதான் இரண்டு தரப்பும் மூச்சு விட்டன.

இதற்குள் வேறொரு பக்கம் ஸ்டான்ஃபோர்டு தன் கோச்சை நீக்கியிருந்தது. அங்கே வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து கைல் ஸ்மித் போனார். வாஷிங்டன் ஸ்டேட்டுக்குக் கிழக்கு வாஷிங்டனிலிருந்து டேவிட் ரைலி போனார். காலியான கிழக்கு வாஷிங்டனுக்கு மான்சன் போனார். அந்தக் கல்லூரி இருக்கும் சேனியிலிருந்து கொன்சாகாவுக்குக் காரில் அரை மணி நேரம்தான். ஃப்யூ இன்னும் அங்கேயே இருக்கிறார்.