பஞ்சாங்கத்தை மூடினா முகூர்த்தமா?

வா தம்பி, உக்காரு. ஆரோவில் முந்திரித்தோப்புக்குள்ள உக்காந்துகினு நீ ஆப்பு எழுதறேன்னு சொன்னாங்க. மரக்காணம் உப்பளத்துக்கு லாரி கூப்பிடற ஆப்பாமே? நல்லது. எழுதறியா, எங்களுக்கு அடிக்கிறியான்னுதான் தெரியல.

நம்ம மேஸ்திரி அதுல சும்மா தேதி பார்த்திருக்காரு. ஐப்பசி பொறக்கப்போவுது, வானம் இருட்டிக்கினு வருது, இப்ப லோடு ஏத்தினா உப்பு கரைஞ்சிதான் போய்ச் சேரும்னு கேன்சலை அமுக்கிட்டு சோத்துக்குப் போயிட்டாரு. சாயங்காலம் லாரி வந்து நிக்குது. டிரைவர் வாடகை கேக்கறான். இவரு வேணாம்னது உன் ஆப்புக்கு சரின்னு கேட்டிருக்குது. அதுக்குக் காது குத்தினியே, காது வெச்சியா?

பொண்ணு வூட்டுக்காரன் பஞ்சாங்கத்தைப் பொரட்டிட்டு மூடி வெச்சான்னா, முகூர்த்தம் குறிச்சாச்சின்னு நீ பந்தக்கால் நட்டுடுவியா?

சரி சரி, மூஞ்சைத் தொங்கப்போடாத. உன்னைவிடப் பெரிய கையெல்லாம் இதுல வழுக்கினதுதான். 2012-ல கூகுள்காரங்க ஆண்ட்ராய்டு 4.1 விட்டாங்க. ஜெல்லி பீன்னு மிட்டாய் பேரு. அதுல தேதிப் பெட்டிக்குக் கேன்சல் பட்டனே இல்ல, ஒரே ஒரு 'டன்'. வேணாம்னு பேக் பட்டனை அமுக்கி வெளிய வந்தா, அப்பவும் 'தேதி வெச்சாச்சி'ன்னு ஆப்புக்கு சேதி போயிடும். பெட்டி மூடறப்ப ஓடற 'ஆன்ஸ்டாப்'புலயே அந்த சேதியக் கட்டி வுட்டுட்டாங்க. உங்க ஆளுங்க தாங்களே ஒரு கேன்சல் பட்டனை ஒட்டவெச்சி, நெசமாவே ஓகே அமுக்கினானான்னு தனியா ஒரு குறி வெச்சி ஒப்பேத்தினாங்க. 2014-ல லாலிபாப் வந்தப்புறம்தான் பெட்டி கேன்சலோட வந்துது. அதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. 2012 நவம்பர்ல வந்த 4.2-ல, காண்டாக்ட்ல பொறந்தநாள் போடற எடத்துல டிசம்பர் மாசத்தையே காணோம்! மார்கழி மொத பாதியில பொறந்தவனுக்கு வயசே ஏறாது. அவசரமா சரிபண்ணிட்டாங்க, பாவம், அப்படியே வுட்டிருக்கலாம்.

நான் கைநாட்டு. எனக்கு இன்னா தெரியும்? உன் பக்கத்து சீட்டுப் பையன் டீக்கு வந்தப்ப சொன்னதச் சொல்றேன். இப்ப நீங்க வெக்கிறது மெட்டீரியல் டேட் பிக்கராமே. அதுல கேன்சல் பட்டனை அமுக்கினா ஒரு காது கேக்கும், பேரு நெகட்டிவ் பட்டன் லிசனர். பேக் அமுக்கினாலோ பெட்டிக்கு வெளிய தட்டினாலோ கேக்கறது வேற காது, ஆன்கேன்சல் லிசனர். பேரு கேன்சல், ஆனா கேன்சல் பட்டனை அமுக்கினா அது திரும்பியே பார்க்காது! பேர் வெச்சவன் நம்ம ஊர்க்காரனாத்தான் இருக்கணும். மூணாவது ஆன்டிஸ்மிஸ். ஓகே சொன்னாலும் வேணாம்னாலும் பெட்டி மூடினா அது கத்தும். சேமிக்கிற வேலைய அங்க கொண்டுபோய் வெச்சிட்டு, லாரி ஏன் வந்துதுன்னு நீ ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கற. ஓகே பட்டன்ல மட்டும் சேமி. மத்த எல்லா வழியிலயும் கையக் கட்டிக்கினு நில்லு. சும்மா இருக்கறதும் ஒரு வேலதான், உனக்கு வராதா?

ஃப்ளட்டர்ல எழுதறவங்களுக்கு வேற வம்பு. கேன்சல் பண்ணினா 'நல்'லுன்னு வெறுங்கை வந்து நிக்குமாம். அதை வாங்கி அப்படியே பழைய தேதி மேல வெச்சா, முன்னாடி குறிச்சிருந்த நல்ல தேதியும் அழிஞ்சிடும். இன்னும் சில கெட்டிக்காரங்க இருக்காங்க, வெறுங்கை வந்தா இன்னிக்குத் தேதியப் போட்டுடுவாங்க. யாரு கேட்டாங்க? வந்தது வெறுங்கைன்னா பழசத் தொடாத. மேஸ்திரி பெட்டிக்குள்ள தைப்பொங்கல் வரைக்கும் தள்ளிப் பார்த்துட்டு வேணாம்னு வந்திருப்பாரு. மறுபடி தொறந்தா அவரு முன்னாடி சேமிச்ச தேதிதான் நிக்கணும், தைப்பொங்கல் இல்ல.

குறிச்ச தேதியே வேணாம், அழின்னு சொல்றது தனிச் சங்கதி. அதுக்குக் கிளியர்னு ஒரு பட்டன் வெய்யி, பெட்டிக்கு வெளிய. கேன்சலுக்குப் பக்கத்துல ஒட்டிடாத. மேஸ்திரி கண்ணாடிய வூட்டுலயே மறந்துட்டுத்தான் அளத்துக்கு வருவாரு.